பைப்புக்குள் ஒரு வாய்க்கால்

ஜன்னலோரம் கிடைத்துவிட்டது, இனி ஒரு குறையும் இல்லை. சிங்கப்பெருமாள்கோவிலில் ஏழு இருபத்தெட்டு வண்டி ஏறி ஏறி இருபத்திரண்டு வருஷத்தில் நானாகக் கண்டுபிடித்த சாஸ்திரம் இது. ஜன்னலோரம் உட்கார்ந்து போகிற நாளில் மேலதிகாரி லீவில் இருப்பார், நின்றுகொண்டு போகிற நாளில் செருப்பு அறும். இன்றைக்கு அலுவலகத்துக்குக்கூட நேராகப் போகவில்லை, அரை நாள் லீவு சொல்லியாயிற்று, எழும்பூரில் இறங்கி நகரத் திட்ட அலுவலகத்தில் மனுவைக் கொடுத்து, கொடுத்ததற்குச் சீல் வாங்க வேண்டும். வாய்க்காலை மூடுவதற்கு ஆட்சேபணை தெரிவிக்க இன்றுதான் கடைசி நாள். மாலை ஐந்து மணி வரை என்று போட்டிருக்கிறார்கள், ஐந்து மணி என்றால் மூன்றரைக்கே சீலை மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்கள், எனக்குத் தெரியாதா, நானும் முப்பது வருஷமாக அரசாங்கத்தில்தானே குப்பை கொட்டுகிறேன். மடியில் பை, பைக்குள் ஃபைல், ஃபைலுக்குள் மனுவும் இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்தும். இரண்டு கால்களுக்கும் நடுவே பைப்பு. நாலு இஞ்ச் பிவிசி பைப்பு, இரண்டரை அடித் துண்டு, இரண்டு பக்கமும் மூடி. அதற்குள்தான் எங்கள் வேளந்தாங்கல் கிராமத்து வரைபடம் சுருண்டு படுத்திருக்கிறது. நாலு மாதம் அலைந்து தாலுகா ஆபீஸில் வாங்கிய சான்றிட்ட நகல், மழையில் நனையக்கூடாது, மடிந்தால் கிழிந்துவிடும், அதனால் பரணில் கிடந்த பைப்பைத் துடைத்து அதில் போட்டுக்கொடுத்தாள் புனிதவதி. என் மனைவிக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. பத்திரமாகக் கொடுத்துவிட்டு வாங்க என்று வாசலில் ஒரு தரம் சொன்னாள், கேட்டைச் சாத்தும்போது இன்னொரு தரம் சொன்னாள். ஏன் இரண்டு தரம் சொன்னாள் என்று தெரியவில்லை, எனக்கென்ன காது கேட்காதா.

வண்டி நகர்ந்ததும் காற்று வருகிறது, காற்றோடு பெயிண்ட் வாசனையும் வருகிறது, முன்பு இந்த இடத்தில் சாண வாசனை வரும், அதற்கு முன்பு என்ன வந்ததோ. பசுஞ்சோலை நகரில் எங்கள் மனையை வாங்கும்போது இலவச வேனில்தான் கூட்டிவந்தார்கள், வேனிலேயே எலுமிச்சை சாதப் பொட்டலமும் கொடுத்தார்கள், சாப்பிட்ட கையோடு இறங்கி நின்றால் வரப்பு வரப்பாகப் பச்சை, நடுவில் மட்டும் செம்மண் கொட்டிச் சமன் செய்து வெள்ளைக் கல் நட்டிருந்தார்கள். புரோக்கர் குடையை நீட்டிச் சுற்றிக் காட்டினார், இந்தப் பச்சை எந்தக் காலத்திலும் மாறாது என்றார். செம்மண்ணுக்கு நடுவே அங்கங்கே நெல் அறுத்த தாள் குத்திக்கொண்டு நின்றது, என் செருப்பைக்கூட ஒன்று குத்தியது. இது என்ன என்று நான் கேட்கவில்லை, எலுமிச்சை சாதம் நன்றாக இருந்தது. முதல் மழைக்காலத்தில் தவளைகள் கத்திய கத்தலில் எங்களால் டிவி பார்க்க முடியவில்லை. நான் ஊராட்சிக்கு மனு எழுதினேன், தவளைகளின் இரைச்சலால் பசுஞ்சோலை நகர் வாழ் பொதுமக்கள் பெரிதும் அவதியுறுவதால் தக்க நடவடிக்கை வேண்டி. தலைவர் படித்துப் பார்த்துவிட்டு, தவளைக்கு நோட்டீஸ் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று சிரிக்காமல் சொன்னார். இப்போது மடியில் இருக்கிற மனுவில் நான்காவது பத்தி, மேற்படி வாய்க்காலை நம்பி வாழும் பலவகைத் தவளையினங்கள் அடியோடு அழியும் அபாயம் உள்ளது. அதே கையெழுத்து. பழைய மனு ஊராட்சி பீரோவில் எங்கேயாவது இருந்து யாராவது எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று நாலு நாளாக ஒரு சின்ன பயம் இருக்கிறது. இருக்காது, கரையான் தின்றிருக்கும், கரையான் நல்ல ஜீவன்.

எல்லாம் அந்தப் பலகையில் ஆரம்பித்தது. ஏரிக்குக் கீழே இருக்கிற அறுபது ஏக்கர் கழனியைச் சுற்றிப் பச்சைத் துணி கட்டி, 'லேக் வியூ வில்லாஸ்' என்று பலகை வைத்தார்கள், பலகையில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் ஏரியில் படகு விடுகிறது. எங்கள் ஏரியில் எருமைதான் இறங்கும். அவர்கள் ஏரியிலிருந்து வருகிற வாய்க்காலை மூடி அதன் மேல் ரோடு போடப் போகிறார்கள். வாய்க்கால் போனால் அதற்கும் கீழே எட்டியப்பன் மாதிரி இன்னும் பயிர் வைக்கிற பதினேழு குடும்பத்துக்குத் தண்ணீர் இல்லை, பெருமழை வந்தால் ஏரித் தண்ணீருக்குப் போக வழியும் இல்லை. போன வருஷம் நலச்சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் தணிகாசலம் ஆகிய நான் ஒரு மனு போட்டேன், வாய்க்கால் இருந்ததற்கு ஆதாரம் இணைக்கப்படவில்லை என்று ஒரே வரியில் திருப்பிவிட்டார்கள். ஆதாரம்தானே, கொண்டுவருகிறேன் என்று இறங்கினேன். எட்டியப்பன் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, வாங்க சார், வாய்க்கால் எப்படிப் போகிறது என்று கூடவே நடந்து காட்டுகிறேன் என்றார். வேண்டாம், மேப் இருக்கிறது என்றேன். அன்றைக்கு மழை பெய்து சேறாக இருந்தது, புது ஷூ வேறு. அவர் என் ஷூவைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து நாலு மூலையிலும் நாலு டம்ளர் வைத்தேன். வெள்ளைக்காரன் காலத்து அளவு, நகலுக்கு நகல், எண்கள் ஒன்று நின்றுகொண்டும் ஒன்று படுத்துக்கொண்டும் இருந்தன, பாதி எண்கள் மங்கிப் போயிருந்தன. ஒரு விளிம்பில் குறுக்குக்கோடு போட்ட நீளக் கோடு, எதிர் விளிம்பிலும் அதே மாதிரி ஒன்று. ஒன்று ஏரிக்கரை, இன்னொன்று ரயில் பாதை, எது எது என்றும் வடக்கு எந்தப் பக்கம் என்றும் எழுதியிருந்த இடத்தில்தான் சரியாகத் தாலுகா ஆபீஸ்காரர் தன் சீலைக் குத்தியிருந்தார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எங்கள் நகரைச் சுற்றிச் சிவப்பில் கட்டம் போட்டேன், வாய்க்கால் மேல் நீல ஸ்கெட்ச் பேனாவால் கோடு இழுத்தேன், கை நடுங்காமல் இழுத்தேன். கோடு நகரின் வடக்குக் கோடியைத் தொட்டு, அங்கே இருக்கிற கடைசி வீட்டின் குறுக்கே போயிற்று. வடக்குக் கோடிக் கடைசி வீடு யாருடையது என்று சொல்லவா வேண்டும். கோதண்டபாணி. ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர், நாரைத் தெரு முதல் வீடு. தெருக்களுக்குப் பறவைப் பெயர் வைக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தவன் நான், பலகைக்குப் படம் வரைந்து எழுத்தும் எழுதிப் பேரைத் தட்டிக்கொண்டு போனவர் அவர். வீட்டு வாசலில் கார் ஏற்ற அவர் கட்டியிருக்கிற சாய்தளத்தில் நான் மூன்று தரம் தடுக்கி விழுந்திருக்கிறேன். அன்றைக்கு முழுக்க எனக்குள்ளே ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, புனிதவதிகூட என்ன ஒரே உற்சாகம் என்று கேட்டாள்.

நேற்று சாயங்காலம் கையெழுத்துப் போட அவரே வீட்டுக்கு வந்தார், வராவிட்டால் நானே வரைபடத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். மேஜையில் விரித்து, வாய்க்கால் உங்கள் வீட்டு வழியாகத்தான் போகிறது, எனக்கு மிகவும் சங்கடமாக இருக்கிறது, ஆனால் பொதுநலம் என்று வரும்போது, என்றெல்லாம் குரலை இறக்கிச் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், குனிந்தார், தலையை ஒரு பக்கம் சாய்த்தார், இன்னொரு பக்கம் சாய்த்தார். அப்புறம் நிதானமாக என்னைப் பார்த்தார். "போனா போவட்டும் சார். தண்ணி போற வழிய நாமளா முடிவு பண்றது" என்று சொல்லிவிட்டு இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆளாகக் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சண்டைக்கு வருவார் என்று மூன்று பதில் தயாராக வைத்திருந்தேன், மூன்றும் வீண். நான் பாத்ரூம் போய்விட்டு வருவதற்குள் புனிதவதியோடு சமையலறைப் பக்கம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார், காப்பி குடித்தார், போய்விட்டார். மனுஷன் சொந்த வீட்டையே விட்டுக்கொடுக்கிறான் என்றால் நான் இவரைப் பற்றி இத்தனை வருஷம் நினைத்ததெல்லாம் என்ன ஆவது.

மறைமலைநகரில் ஏறி எதிரே உட்கார்ந்தவர் பைப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆரஞ்சு நிறச் சட்டை, ரயில்வே டிராக்மேன், சட்டைப்பையில் மாசிலாமணி என்று பெயர். என்ன சார் பிளம்பிங் வேலையா என்று கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது, நான் ஏரியைக் காப்பாற்றப் போய்க்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டியதாயிற்று. சொன்னதும் பக்கத்தில் இருந்தவர்கள் காதில் மாட்டியிருந்ததை எல்லாம் கழற்றினார்கள், எங்கே காட்டுங்கள் என்றார்கள், எனக்கும் காட்டவேண்டும்போல்தான் இருந்தது. மூடியைத் திருகி எடுத்து வரைபடத்தை விரித்தேன், நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள், மாசிலாமணி எதிர்ப் பக்கம் இருந்து பார்த்தார். இதுதான் ஏரிக்கரை, இது ரயில் பாதை, இது வாய்க்கால் என்று நான் விரலை ஓட்டினேன். அவர் குனிந்து கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தார். அப்புறம் மரியாதையாகச் சொன்னார், "சார், நீங்க ஏரிக்கரைன்னு காட்றது நம்ம லைனு. ரெண்டு பக்கமும் கோடு நீட்டிக்கினு இருந்தா அது தண்டவாளம், கரைக்கு ஒரு பக்கந்தான் இழுப்பாங்க. தோ பாருங்க, நம்ம கல்வெர்ட்டு, லைனுக்கு அடில தண்ணி போற பாலம். மாசத்துக்கு ரெண்டு வாட்டி இதுல எறங்கிக் குப்ப வார்றது நான்தான்." அவர் சொல்லிக்கொண்டே வரைபடத்தை அப்படியே பாதிச் சுற்றுத் திருப்பினார், மூலையைப் பிடித்திருந்தவர்களும் கையை மாற்றி மாற்றிக் கூடவே திருப்பினார்கள், சுற்றி நின்றதும் எல்லாம் அததன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஏரி மேற்கே போயிற்று, ரயில் கிழக்கே வந்தது. நீலக் கோடு நகரின் தெற்குக் கோடியைத் தொட்டு அங்கே இருக்கிற கடைசி வீட்டின் குறுக்கே போயிற்று. மீன்கொத்தித் தெரு, கடைசி வீடு. அது யாருடையது என்று எனக்கு நன்றாகத் தெரியும், வீட்டுக்கடன் இன்னும் என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

காட்டாங்குளத்தூரா பொத்தேரியா தெரியவில்லை, ஏதோ ஒரு ஸ்டேஷனில் மாணவர்கள் கும்பலாக நிற்கிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தண்டவாளத்தில் போகிறேன், போக வர எத்தனை ஆயிரம் தரம், அதைப் படத்தில் பார்த்து ஏரி என்று நினைத்திருக்கிறேன். சரி, அது கிடக்கட்டும். நீலக் கோடு வீட்டில் எந்த இடத்தில் போகிறது. வாசலில் இல்லை, கூடத்தில் இல்லை, பின்பக்கம், கிணற்றடியை ஒட்டி, நேராக வொர்க் ஏரியாவில் போகிறது. புனிதவதி பதினைந்து வருஷம் கேட்டு, நாலு வருஷத்துக்கு முன் கட்டிய வொர்க் ஏரியா. நகை கேட்காதவள், புடவை கேட்காதவள், ஊட்டி கூட்டிப்போ என்றுகூடக் கேட்காதவள், பின்னால் ஒரு சின்ன இடம், கம்பிக் கதவு போட்டு, துணி துவைக்கிற மெஷின் வைத்து, ஒரு ஸ்டூல் போட்டு உட்கார எனக்கு ஒரு இடம் என்று மட்டும் கேட்டாள். மூன்று மணிக்கு அங்கே உட்கார்ந்து ரேடியோ வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரிப்பாள், கம்பி வழியாகக் கழனி தெரியும், கழனிக்கு அப்பால் ஏரிக்கரை தெரியும், மடையான் கொக்குக் கூட்டம் இறங்குவது தெரியும். கடைக்கால் தோண்டும்போது மூன்றடியிலேயே தண்ணீர் ஊறியது, மேஸ்திரி தலையைச் சொறிந்தார், நான்தான் கூட இரண்டு லோடு மண் அடித்து மேலே ஏற்று என்றேன். ஒவ்வொரு மழைக்கும் வாஷிங் மெஷின் அடியில் தண்ணீர் வந்து நிற்கும், மெஷின்தான் ஒழுகுகிறது என்று மூன்று தரம் மெக்கானிக்கை வரவழைத்துச் சண்டை போட்டிருக்கிறேன். மெஷின் ஒழுகவில்லை. ஏரி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

கூடுவாஞ்சேரி. வரைபடத்தைச் சுருட்டிப் பைப்பில் போட்டு மூடியைத் திருகிவிட்டேன், முதலில் அதைத் தப்பாகத் திருகியதை யாரும் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டு ஏரிக்காக உணர்ச்சிவசப்படுகிறார் என்று நினைத்திருப்பார்கள். இப்போது என்ன செய்யலாம். ஒன்று, அப்படியே கொடுப்பது. கொடுத்தால் சங்கிலி எடுத்துக்கொண்டு அளக்க வருவார்கள், மூன்று மீட்டர் அகலம் என்று எழுதியிருப்பது நானே, இரண்டாம் பத்தியில் கொட்டை எழுத்தில், எவ்வித பாரபட்சமும் இன்றி என்று வேறு எழுதியிருக்கிறேன். அந்த வார்த்தையைக் கோதண்டபாணியை மனதில் வைத்து எழுதினேன். இரண்டு, மனுவை மட்டும் கொடுத்து வரைபடத்தைக் கொடுக்காமல் விடுவது. ஆதாரம் இணைக்கப்படவில்லை, திரும்பி வரும், அடுத்த மாதம் பொக்லைன் வரும், எட்டியப்பன் வாய்க்கால் மேல் தார் ஊற்றுவார்கள். அப்போது வொர்க் ஏரியா பிழைத்துவிடும், பிழைத்து என்ன, கம்பிக்கு எதிரே பத்தடி உயரத்தில் லேக் வியூவின் மதில் நிற்கும், புனிதவதி மதிலைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரிப்பாள். மூன்றாவது வழி ஏதாவது இருக்க வேண்டுமே, நான் முப்பது வருஷ அனுபவஸ்தன், கோப்பு என்றால் மூன்றாவது வழி இல்லாமல் இருக்காது. இதற்கு நடுவில் இந்தக் கோதண்டபாணி விட மாட்டேன் என்கிறார். தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். தன் வீடு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டாரா, என் வீடு என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டாரா. முதலாவது என்றால் அவர் மகான், நான் அற்பன். இரண்டாவது என்றால் அவர் பொல்லாதவர், நான் மடையன். எப்படிப் பார்த்தாலும் எனக்கு நல்ல பெயர் வருகிற மாதிரி ஒரு கணக்கும் அமையவில்லை.

தாம்பரத்தில் மாசிலாமணி இறங்கினார். இறங்கும்போது சும்மா இறங்காமல், பெட்டியில் இருந்தவர்களிடம், சாரை எழும்பூர் வரைக்கும் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தப் பைப்பில் ஒரு ஏரியே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் ஏறியது. கால் வலிக்கிறது, பைப்பை மேலே வைத்தால் கொஞ்சம் காலை நீட்டலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பைப்பை எடுத்து மேலே சாமான் கம்பிகள் மேல் வைத்தேன். கால் வலி மட்டும்தான் காரணம். ஆனால் மனுஷன் என்றால் மறதி இருக்கத்தான் செய்யும், குடையை விட்டவர்கள் உண்டு, டிபன் கேரியரை விட்டவர்கள் உண்டு, இந்த வண்டியில் பல் செட்டை விட்டவரையே எனக்குத் தெரியும். ஐம்பத்தேழு வயதில் ஒரு பைப்பை விடுவதில் என்ன ஆச்சரியம். பாவம் சார், நாலு மாதம் அலைந்தார், ரயிலில் போய்விட்டது, என்று இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் சொல்வார்கள், எனக்குக் காப்பி கொடுப்பார்கள். குரோம்பேட்டை, பல்லாவரம். மனசு லேசாகிவிட்டது, இப்படி லேசாகிற மனசை நான் யாரிடமும் காட்ட மாட்டேன். மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் தாழ்வாகப் போயிற்று, அதைப் பார்த்ததும் திக்கென்றது. இரண்டு பக்கமும் மூடி போட்ட பைப்பு, ஆளில்லாமல் ரயிலில் கிடந்தால் என்ன நினைப்பார்கள். கடற்கரை ஸ்டேஷனில் நாய் வரும், அந்த நாய் முகர்ந்து பார்க்கும், மணல் மூட்டை அடுக்குவார்கள், வண்டிகளை எல்லாம் நிறுத்திவிடுவார்கள், டிவியில் மர்மக் குழாய் என்று ஓடும், நீண்ட கவசம் போட்ட ஒருவர் மெதுவாக மூடியைத் திருகுவார், உள்ளே இருந்து வேளந்தாங்கல் வரும். வரைபடத்தில் சிவப்புக் கட்டம் போட்டு, பசுஞ்சோலை நகர் நலச்சங்கம், செயலாளர், செல் நம்பர் என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். கிண்டி வருவதற்குள் பனியன் நனைந்துவிட்டது. எடுத்துக் கீழே வைத்துக்கொள்ளலாம் என்று எழுந்தேன், எழுந்த இடத்தில் ஒரு அம்மாள் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார், ஜன்னலோரமும் போயிற்று. நான் நின்றுகொண்டு, எடுப்பதா விடுவதா என்று மாம்பலம் வரைக்கும் யோசித்தேன், கோடம்பாக்கம் வரைக்கும் யோசித்தேன், அங்கிருந்து நெரிசலில் கை மேலே எட்டவில்லை.

எழும்பூரில் நான் இறங்கவில்லை, என்னை இறக்கினார்கள். கால் பிளாட்பாரத்தில் பட்டதும் திரும்பிப் பார்க்காமல் நடக்க ஆரம்பித்தேன், பத்தடி போயிருப்பேன். முதுகுக்குப் பின்னால் ஒரு பெட்டியே சேர்ந்து கத்தியது. "ஏரி சார், பைப்பு, ஏரி சார்." நான் காது கேட்காதவனாக இன்னும் நாலு அடி வைத்தேன், அதற்குள் பிளாட்பாரத்தில் இருந்தவர்களும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், ஒரு டீக்காரர் என் சட்டையைப் பிடித்து நிறுத்தித் திருப்பினார். பைப்பு சாமான் கம்பியிலிருந்து ஒரு கைக்கு வந்தது, அந்தக் கையிலிருந்து தலைகளுக்கு மேலாக இன்னொரு கைக்கு, ஜன்னலோரத்தை என்னிடமிருந்து பறித்த அம்மாள் அதைக் கம்பிகளுக்கு வெளியே நீட்டினார், வண்டி நகர்கிறது, நான் ஓடினேன். இந்த வயதில் நான் ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. பைப்பு கைக்கு வந்ததும் உள்ளே இருந்து யாரோ, கேஸ் ஜெயிக்கணும் சார் என்றார்கள். முன்பின் தெரியாதவர்கள். பெட்டியில் பாதிப் பேர் என்னைப் போலவே ஏதாவது ஒரு ஏரியின் மேல் வீடு கட்டிக்கொண்டு இருப்பவர்கள்தான், அதனால்தான் கத்தினார்களோ என்னவோ. எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது, வெட்கத்தில் பாதி, மூச்சு வாங்கியதில் பாதி. டீக்காரர் ஒரு டீ கொடுத்தார், குடித்தேன்.

நகரத் திட்ட அலுவலகத்தில் ஃபேனுக்கு அடியில் இருந்த எழுத்தர் மனுவை வாங்கிப் பக்கம் பக்கமாக எண் போட்டார், கையெழுத்துகளை விரலால் தள்ளி எண்ணினார், இணைப்பு எங்கே என்றார். பைப்பை நீட்டினேன். மூடியைத் திருகி வரைபடத்தை உருவி மேஜையில் விரித்துப் பேப்பர்வெயிட்டை வைத்தார், நான் ஞாயிற்றுக்கிழமை விரித்த அதே மாதிரி, தலைகீழாக. என்னைப் பார்க்காமலே, வடக்கு மேலேதானே என்று கேட்டார். ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டாம், தலையை ஆட்டினால் போதும், அளக்க வருகிறவர்கள் கோதண்டபாணி வீட்டைத் தோண்டிப் பார்த்துவிட்டு வாய்க்கால் இல்லை என்று எழுதிவிட்டுப் போவார்கள், லேக் வியூ வரும், மதில் வரும். மூன்றாவது வழி என்று ரயில் முழுக்கத் தேடினேனே, அது இந்த மேஜை மேல் தானாக வந்து விரிந்து கிடக்கிறது. எனக்கு ஏனோ அந்த ஜன்னல் கம்பிக்கு வெளியே நீண்ட கைதான் ஞாபகம் வந்தது, அதில் ஒரு ரப்பர் வளையல், பச்சை நிறம்.

"இல்ல சார், திருப்பிப் போடுங்க" என்றேன்.

அவர் பேப்பர்வெயிட்டை எடுத்துவிட்டுத் திருப்பிப் போட்டார். நீலக் கோட்டைப் பேனாவால் தொட்டுக்கொண்டே வந்து நின்றார், வாய்க்கால் உங்கள் கட்டத்தின் ஓரத்தை வெட்டுகிறதே, அங்கே இருக்கிற வீடு யாருடையது என்றார். என்னுடையது என்றேன். முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், மனுவில் இருக்கிற பெயரைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார், ஆதார் இருக்கிறதா என்று கேட்டார். காட்டினேன். மனுவில் ஒரு சீல் போட்டு, வரைபடத்துக்குப் பின்னால் இன்னொன்று போடத் திருப்பினார். பின்பக்க மூலையில் பென்சிலால் மெல்லிசாக ஒரு அம்புக்குறி. பக்கத்தில் முத்து முத்தாக, 'வடக்கு இந்தப் பக்கம்.' நாரைத் தெருப் பலகையில் தினம் பார்க்கிற அதே எழுத்து.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று வீட்டுக்குப் போன் போட்டேன், காலிப் பைப்பு கக்கத்தில். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் முதலில் சாப்பிட்டாயா என்றேன், பத்தரை மணிக்கு யார் சாப்பிடுவார்கள். அப்புறம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், ஏரிக்கரை, தண்டவாளம், தெற்கு மூலை, உன்னுடைய வொர்க் ஏரியா, நான்தான் கொடுத்தேன், நானே என் வாயால் சொன்னேன். அந்தப் பக்கம் ரேடியோவை அணைக்கிற சத்தம் கேட்டது. பதினைந்து வருஷம் கேட்டாள்.

"மாஸ்டர் நேத்தே சொல்லிட்டாரு" என்றாள் புனிதவதி. "நீங்களா கண்டுபிடிச்சா என்ன பண்றீங்கன்னு பாக்கலாம்னுதான் நான் சொல்லல. சுவரு போனா போவட்டும், ஸ்டூல வெளிய போட்டுக்கறேன். மெஷின நீங்கதான் தூக்கணும்."

சரி என்றேன். போனை வைக்கப் போனவள் ஒரு நிமிஷம் இருங்க என்றாள்.

"அந்தப் பைப்ப மட்டும் எங்கயும் விட்டுட்டு வந்துடாதீங்க. மழைக்குப் பின்னாடி நிக்கற தண்ணியக் கழனிப் பக்கம் விட அது வேணும்."